தோற்கிற அணியில் புதுப் பையன்களை இறக்கலாமா?

தொடர்ந்து 4 பந்தயம். நாலும் தோல்வி!

கல்லூரிக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்து இருக்கிறார். அவர் எதிரே ஒரு காகிதம். அடுத்த பந்தயத்தில் ஆடப் போகும் 11 பேரின் பெயரை அதில் எழுத வேண்டும்.

ஒன்பது பெயர்களை எழுதி விட்டார். மீதி இரண்டு இடம். அங்கேதான் பேனா நின்று விட்டது.

மூன்றாம் வருட மாணவர்கள் இருவர் இருக்கிறார்கள். நன்கு பழகியவர்கள். ஆனால் நாலு பந்தயத்திலும் அவர்கள் ஆட்டம் எடுபடவில்லை.

முதல் வருடப் பையன்கள் இருவரும் இருக்கிறார்கள். கால் துடிக்கிறது. ஓட்டத்தில் புயல். ஆனால் பெரிய பந்தயம் எதிலும் ஆடியது இல்லை.

யாரை இறக்குவது?

இது மேலூரில் நடக்கலாம். மதுரையில் நடக்கலாம். கடல் கடந்து அமெரிக்காவிலும் நடக்கலாம். ஆட்டம் எதுவானாலும், தோற்கிற பயிற்சியாளர் எல்லோருக்கும் இந்தத் தலைவலி உண்டு.

இரண்டு பக்க நியாயம்

"இளங்கன்று பயம் அறியாது" என்பார்கள். புதுப் பையனுக்கு எதிரியின் பெயரும் தெரியாது, பெருமையும் தெரியாது. ஆகவே துணிந்து ஆடுவான். அவன் எப்படி ஆடுவான் என்பது எதிரிக்கும் தெரியாது. அதுவும் ஒரு லாபம்.

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்றும் பெரியவர்கள் சொல்லி இருக்கிறார்கள். 18 வயதுப் பையனும் 21 வயது வாலிபனும் மோதினால், உடம்பு வலுவில் வித்தியாசம் இருக்கும். கூட்டம் கத்தும்போது புதியவனுக்குக் கை கால் நடுங்கும். ஒரு தப்பு செய்தால், ஊரே அவனைத்தான் திட்டும்.

பயிற்சியாளருக்கும் பயம் உண்டு. பழையவர்களை வைத்துத் தோற்றால், "அதிர்ஷ்டம் இல்லை" என்பார்கள். புதியவர்களை இறக்கித் தோற்றால், "இவருக்கு மூளை இல்லை" என்பார்கள்!

இருந்தாலும் கல்லூரி அணிக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. பட்டப் படிப்பு 3 வருடம். மூன்றாம் வருட மாணவர்களையே நம்பி இருந்தால், அவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போன மறு நாள் அணி காலி. அப்போது பையன்களைத் தேடினால், அவர்கள் இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து துருப்பிடித்து இருப்பார்கள்.

அமெரிக்காவில் இருந்த தடை

இந்தக் கேள்வி அமெரிக்காவில் மிகவும் பெரிய கேள்வி. அங்கே கல்லூரி ஆட்டம் என்றால் திருவிழா மாதிரி. சில மைதானங்களில் லட்சம் பேர் கூடுவார்கள்.

அவர்கள் ஆடும் கால்பந்து வேறு மாதிரி. பெயர்தான் கால்பந்து. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்; எறிவார்கள்; ஒருவர் மீது ஒருவர் மோதிச் சாய்ப்பார்கள்.

அங்கே 1972-ம் ஆண்டு வரை, பெரிய கல்லூரிகளின் முதல் அணியில் முதல் வருட மாணவர்கள் ஆடுவது வழக்கம் இல்லை. விதி அப்படி. "முதலில் படிப்பில் நிலைக்கட்டும். உடம்பு தேறட்டும்" என்பது எண்ணம். 1972-ல் தடை நீங்கியது.

2018-ல் இன்னொரு விதி வந்தது. முதல் வருடப் பையனை 4 பந்தயங்கள் வரை ஆட விட்டுப் பார்க்கலாம். அதனால் அவனுக்கு உரிய நாலு ஆண்டு ஆட்டத்தில் ஓர் ஆண்டு கழியாது. "கொஞ்சம் காட்டு, அப்புறம் காத்திரு" என்பதுதான் அந்த விதியின் பொருள். இது பையனுக்கும் நல்லது, பயிற்சியாளருக்கும் நல்லது.

இடைவேளையில் எடுத்த முடிவு

அதே 2018-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி. அட்லாண்டா நகரில் அமெரிக்கக் கல்லூரிகளின் இறுதிப் பந்தயம். அலபாமா அணியும் ஜார்ஜியா அணியும் மோதின.

அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபன். பழுத்த அனுபவசாலி. இடைவேளையின்போது அவர் அணி 0-13 என்று பின்தங்கி நின்றது.

பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்திச் செல்லும் முக்கிய இடத்தில் ஆடியவர் ஜேலன் ஹர்ட்ஸ். இரண்டு ஆண்டுகளாக அவர் தொடங்கிய பந்தயங்களில், அது வரை தோல்வி இரண்டே இரண்டுதான்!

அவரைத்தான் உட்கார வைத்தார் சேபன். முதல் வருட மாணவர் டுவா டாகோவைலோவாவை இறக்கினார்.

பார்த்தவர்கள் திகைத்தார்கள். பையன் நடுவில் ஒரு தப்பும் செய்தான். எறிந்த பந்து எதிரி கையில் போய் விழுந்தது. ஆனாலும் பயிற்சியாளர் அவனை மாற்றவில்லை.

கடைசியில் ஆட்டம் 20-20 என்று சமம் ஆகியது. கூடுதல் நேரம் கொடுத்தார்கள். ஜார்ஜியா 3 புள்ளி எடுத்து முந்தியது. அப்போது டுவா 41 கெஜ தூரம் பந்தை எறிந்தார். அதைப் பிடித்தவரும் ஒரு முதல் வருட மாணவர்தான். பெயர் டெவோன்டா ஸ்மித். அலபாமா 26-23 என்று கெலித்தது!

உட்கார வைக்கப்பட்ட ஹர்ட்ஸ் என்ன ஆனார்? அவர் கோபித்துக்கொண்டு உடனே ஓடி விடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், அதே ஜார்ஜியாவுடன் நடந்த பந்தயத்தில் டுவாவுக்கு அடிபட்டது. ஹர்ட்ஸ் இறங்கினார். பின்தங்கி இருந்த அணியை 35-28 என்று வெற்றி பெறச் செய்தார். பிறகு வேறு கல்லூரிக்குப் போனார். 2025-ல் அமெரிக்காவின் மிகப் பெரிய பந்தயமான சூப்பர் பவுலில் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதையும் வாங்கினார்.

பெஞ்சில் உட்கார்ந்தவனின் கதை அதோடு முடிந்து விடுவது இல்லை!

"சிறுவர்களை வைத்துக் கெலிக்க முடியாது!"

இங்கிலாந்திலும் ஒரு கதை உண்டு. இது நம் ஊரில் ஆடும் கால்பந்து.

1995-ம் ஆண்டு கோடையில் மான்செஸ்டர் யுனைடெட் அணியின் பயிற்சியாளர் அலெக்ஸ் பெர்குசன், பேர் பெற்ற மூன்று ஆட்டக்காரர்களைப் போக விட்டார். அவர்கள் இடத்தில் சொந்த அணியில் வளர்ந்த வாலிபர்களை நம்பினார். பெக்காம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள் ஆகியோர்தான் அந்த வாலிபர்கள்.

முதல் பந்தயம் ஆகஸ்டு 19-ந் தேதி நடந்தது. ஆஸ்டன் வில்லா அணியிடம் 3-1 என்று தோல்வி! அன்று இரவே தொலைக்காட்சியில் பழைய ஆட்டக்காரர் ஆலன் ஹேன்சன், "சிறுவர்களை வைத்து எதையும் கெலிக்க முடியாது" என்று சொல்லி விட்டார்.

அடுத்த ஆண்டு மே மாதம், அந்தச் "சிறுவர்கள்" லீக் கோப்பையையும், எப்.ஏ. கோப்பையையும் சேர்த்து வாங்கினார்கள்.

ஹேன்சன் சொன்னது முழுத் தப்பா? அதுவும் இல்லை. அந்த அணியில் சிறுவர்கள் மட்டும் இருந்தார்களா? இல்லை. கோல் காக்க ஷ்மைக்கேல் இருந்தார். பின்னால் புரூஸ், பாலிஸ்டர். நடுவில் கீன். அக்டோபரில் தடைக்காலம் முடிந்து கான்டோனா திரும்பி வந்தார். எல்லோரும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்!

மதுரைக்கு வந்த விடிவு

வெளிநாட்டுக் கதை போதும். நம் மதுரைக்கு வருவோம்.

தமிழ்நாடு பிரிமியர் லீக் கிரிக்கெட் 2016-ல் தொடங்கியது. முதல் இரண்டு ஆண்டுகளும் மதுரை அணிக்கு வெற்றி என்பது எட்டாத கனியாக இருந்தது. "மதுரைக்காரன் ஜெயிக்கவே மாட்டானா?" என்று ரசிகர்கள் ஏங்கினார்கள்.

2018-ல் பெயர் மாறியது. மதுரை பாந்தர்ஸ் என்று ஆனது. ஆட்களும் மாறினார்கள். அவர்களில் ஒருவர் வருண் சக்கரவர்த்தி.

இவர் கதை விசித்திரமானது. கட்டிடக் கலை படித்தவர். அந்த வேலையும் பார்த்தவர். பிறகு வேலையை விட்டு விட்டுக் கிரிக்கெட்டுக்கு வந்தார். வேகமாகப் பந்து வீசிப் பார்த்தார். முழங்காலில் அடிபட்டது. அதன் பிறகு சுழல் பந்துக்கு மாறினார். அப்போது வயது 25-ஐத் தாண்டி விட்டது. வயதில் பெரியவர், அனுபவத்தில் முதல் வருட மாணவர்!

அவரைப் பெரிய பந்தயங்களில் இறக்கியது மதுரை அணி. அவர் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எதிரிகளுக்குத் தெரியவில்லை. விளாச முடியாமல் திணறினார்கள்.

அந்த ஆண்டு ஆட்டங்கள் சில, மேலூருக்குப் பக்கத்தில் உள்ள நத்தம் கல்லூரி மைதானத்திலும் நடந்தன. இறுதிப் பந்தயம் ஆகஸ்டு 12-ந் தேதி சென்னை சேப்பாக்கத்தில். திண்டுக்கல் அணி 117 ரன்னில் சுருண்டது. மதுரை அணிக்கும் ஆரம்பத்திலேயே 3 விக்கெட் போயிற்று. "அவ்வளவுதான்" என்று பலர் நினைத்தார்கள்.

அப்போது காப்பாற்றியவர் யார்? பல ஆண்டு அனுபவம் உள்ள அருண் கார்த்திக்! அவர் 75 ரன் எடுத்துக் கடைசி வரை நின்றார். மதுரை 7 விக்கெட் வித்தியாசத்தில் கோப்பையை வாங்கியது.

புதியவர் மடக்கினார். பழையவர் கரை சேர்த்தார்.

ஒரே ஓவரில் 25 ரன்!

வருணின் கதை அதோடு முடியவில்லை. அந்த டிசம்பரில் பஞ்சாப் அணி அவரை 8 கோடியே 40 லட்சம் ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. தொடக்க விலை 20 லட்சம்தான்!

2019 மார்ச் 27-ந் தேதி, கொல்கத்தாவில் ஐ.பி.எல். ஆட்டத்தில் முதல் தடவையாகப் பந்து வீசினார். முதல் ஓவரிலேயே 25 ரன் போயிற்று. விரலிலும் காயம் வந்தது. அந்த ஆண்டு அதன் பிறகு ஆடவில்லை. பஞ்சாப் அணி அவரை விட்டு விட்டது.

பணம் போட்டவர்கள் கைவிட்டார்கள். கொல்கத்தா அணி நம்பியது. 4 கோடிக்கு எடுத்தது. 2020-ல் அவர் 17 விக்கெட் வீழ்த்தினார். 2021 உலகக் கோப்பையில் ஒரு விக்கெட் கூட இல்லை, மறுபடி சறுக்கல். 2024-ல் மறுபடி இந்திய அணிக்குத் திரும்பினார். 2025 மார்ச்சில் துபாயில், நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார். இந்தியா சாம்பியன்ஸ் கோப்பையை வாங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் ஓவரைப் பார்த்து முடிவு கட்டி இருந்தால், இந்த வருண் கிடைத்து இருப்பாரா?

டோனி சொன்ன சொல்

சென்னை சூப்பர் கிங்ஸ் பட்ட பாட்டையும் எல்லோரும் அறிவார்கள்.

2020-ம் ஆண்டு. கொரோனா காரணமாக ஐ.பி.எல். ஆட்டங்கள் அரபு நாட்டில் நடந்தன. பயிற்சியாளர் பிளெமிங்கும், கேப்டன் டோனியும் அனுபவசாலிகளையே நம்பினார்கள். அணி தோல்வி மேல் தோல்வி கண்டது.

அக்டோபர் 19-ந் தேதி ராஜஸ்தானிடமும் தோல்வி. "அனுபவசாலிகளை விலக்கி விட்டு இறக்கும் அளவுக்கு இளைஞர்களிடம் பொறியைக் காணோம்" என்ற பொருளில் டோனி பேசினார். ரசிகர்கள் கொதித்தார்கள். "ஆட விட்டால்தானே பொறி தெரியும்?" என்று கேட்டார்கள்.

ருதுராஜ் கெய்க்வாட்டுக்கு அப்போது வயது 23. கொரோனா வந்து படுத்து எழுந்தவர். முதல் மூன்று ஆட்டங்களில் அவர் எடுத்த ரன் என்ன தெரியுமா? 0, 5, 0!

நான்காவது தடவையும் அவரையே இறக்கினார்கள். இனி இழக்க ஒன்றும் இல்லை என்ற நிலை. அடுத்த மூன்று ஆட்டங்களில் அவர் எடுத்தது 65, 72, 62. மூன்றிலும் சென்னைக்கு வெற்றி.

ஆனாலும் காலம் கடந்து விட்டது. எட்டு அணிகளில் சென்னை 7-வது இடம். அடுத்த சுற்றுக்குப் போகாதது அதுவே முதல் தடவை.

விதைத்தது மறு வருடம் விளைந்தது. 2021-ல் ருதுராஜ் 635 ரன் எடுத்தார். எல்லோரையும் விட அதிகம் அதுதான். கோப்பையும் சென்னைக்கே கிடைத்தது.

2025-ல் மறுபடி அதே கதை. தோல்விகளுக்கு நடுவே 17 வயது ஆயுஷ் மாத்ரேயை இறக்கினார்கள். முதல் ஆட்டத்தில் 15 பந்தில் 32 ரன். மே 3-ந் தேதி பெங்களூரில் 48 பந்தில் 94 ரன்! ஆனாலும் சென்னை 2 ரன்னில் தோற்றது. அந்த ஆண்டு கடைசி இடமும் சென்னைக்குத்தான்.

இளைஞன் வந்த அன்றே அணி எழுந்து நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இன்று நட்ட தென்னை நாளைக்கே காய்க்குமா?

வாடிய ஒரு மொட்டு

இதற்கு மறு பக்கமும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சென்னை சுழல் பந்து வீச்சாளர் லட்சுமண் சிவராமகிருஷ்ணன். 1983-ல், 17 வயதிலேயே இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். எதிரிகள் மேற்கு இந்தியத் தீவின் சூரர்கள். அந்த ஆட்டத்தில் விக்கெட் கிடைக்கவில்லை.

1984-ல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக 12 விக்கெட் எடுத்தார். நாடே கொண்டாடியது. அந்தத் தொடரில் மட்டும் 23 விக்கெட்.

ஆனால் 1986 ஜனவரியோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்து விட்டது. அப்போது வயது 20! மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட்.

20 வயதில் பலருக்கு ஆட்டம் தொடங்கவே இல்லை. இவருக்கு முடிந்து விட்டது.

சிறுவனை மேலே தூக்குகிறவர்கள் பலர். கீழே விழும்போது பிடிக்கிறவர்கள் சிலரே. புதுப் பையனை இறக்கும்போது பயப்பட வேண்டியது இதற்குத்தான். ஒரு பந்தயம் போனால் போகட்டும். ஒரு பையன் போய் விடக் கூடாது.

மேலூர் விவசாயியின் பாடம்

அப்படியானால் பயிற்சியாளர் என்ன செய்ய வேண்டும்?

பெரியாறு கால்வாய்த் தண்ணீரில் விளையும் மேலூர் வயல்களில், இன்று டிராக்டர் ஓடுகிறது. ஆனால் ஏர் பிடித்த பெரியவர்களைக் கேட்டால் ஒன்று சொல்வார்கள்.

புது மாட்டை ஏருக்குப் பழக்க வேண்டும் என்றால், இரண்டு புது மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டக் கூடாது. இரண்டும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கும். ஏர் உடையும். பழகிய மாட்டை ஒரு பக்கம் பூட்டி, புது மாட்டை மறு பக்கம் பூட்ட வேண்டும். பழையது நடக்கும். அதைப் பார்த்துப் புதியதும் நடக்கும்.

முதல் நாளே நாள் முழுதும் உழ விடக் கூடாது. கொஞ்சம் உழுத பிறகு அவிழ்த்து விட வேண்டும். சால் கோணினால், தார்க்குச்சியால் குத்தக் கூடாது. தட்டிக் கொடுக்க வேண்டும்.

மான்செஸ்டரில் நடந்தது இதுதான். மதுரை அணியில் நடந்ததும் இதுதான்.

ஆகவே, தோற்கிற பயிற்சியாளர் 11 புதியவர்களை ஒரே நாளில் இறக்கினால், அது துணிச்சல் அல்ல, ஆத்திரம். ஒருவரையும் இறக்காமல் இருந்தால், அது நிதானம் அல்ல, பயம். இருவரை இறக்கலாம். பழைய ஆட்டக்காரர் பக்கத்திலேயே நிறுத்தலாம். "உனக்கு மூன்று பந்தயம் உண்டு. முதல் தப்புக்கு உன்னை மாற்ற மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லலாம். ருதுராஜுக்கு நாலாவது தடவை கிடைத்தது போல அவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

இடத்தை இழக்கும் மூன்றாம் வருட மாணவனையும் தனியே கூப்பிட்டுப் பேச வேண்டும். பலகையில் பெயர் இல்லாததைப் பார்த்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது. நாளைக்கு அவன்தான் காப்பாற்ற வேண்டி வரலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

கொட்டாம்பட்டியில் இருந்தோ, திருவாதவூரில் இருந்தோ பஸ் ஏறிக் கல்லூரிக்கு வரும் பையன், அன்று தோற்று விட்டு வீடு திரும்புவான். அவனால்தான் கோல் விழுந்தது என்று பஸ்சிலேயே நாலு பேர் பேசி இருப்பார்கள்.

அப்போது வீட்டில் உள்ளவர்கள், "எத்தனை கோலில் தோற்றாய்?" என்று முதலில் கேட்க வேண்டாம்.

"சாப்பிட்டாயா தம்பி?" என்று கேட்டால் போதும்.

மறு நாள் காலையில் அவன் மறுபடி மைதானத்துக்குப் போவான்.